தொடையிடுக்கில் வந்த கட்டி: நெறியும் இல்லை, ஹெர்னியாவும் இல்லை

பெண்ணுக்குத் தொடையிடுக்கில் ஒரு வீக்கம் வந்தால் பார்க்கிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு பதில்தான் இருக்கிறது. ஒன்று, நெறி கட்டியிருக்கிறது. இல்லையென்றால் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். என்னிடம் இரண்டையும் சொன்னார்கள், இரண்டுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். ஒன்றுக்கு மாத்திரை, இன்னொன்றுக்கு ஆபரேஷன். கடைசியில் பார்த்தால் என் கட்டி இருந்தது கர்ப்பப்பையிலிருந்து தொடையிடுக்குவரை ஓடிவரும் ரவுண்ட் லிகமென்ட் என்ற நாரில். வந்திருந்தது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வேறு இடத்தில் வளரும் நோய். அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை மயக்க மருந்து, சேமிப்பில் பெரும்பங்கு, சம்பளமில்லாத நீண்ட விடுப்பு என எல்லாம் போய்விட்டது. ஆரம்பத்திலேயே ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும் என்ற ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அது விரல் நுனி அளவுதான். வலது பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாக உரசுகிற இடம். தொட்டால் கெட்டியாக இருக்கும், நகராது. மாதவிடாய் நெருங்கும்போது விண்விண்ணென்று தெறிக்கும். அந்த நாட்களில் இடுப்பு, அடிவயிறு, தொடை என எல்லாமே வலிக்கத்தானே செய்யும்? அதனால் இந்த வலியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பொதுமருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நெறிதான்மா, கால்ல எங்கயாச்சும் புண்ணு இருந்துச்சா?" என்று கேட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார். மாத்திரை முடிவதற்குள் வலி குறைந்துவிட்டது, கட்டியும் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் திரும்ப வந்தது. திரும்ப மாத்திரை, திரும்பக் குறைந்தது. இந்த நோயின் பெரிய ஏமாற்றே இதுதான். மாதவிடாய் முடிந்ததும் அது தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் எந்த மருந்தைச் சாப்பிட்டாலும் அதுதான் கேட்டது போலத் தெரியும்.

இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் வெட்கம் வேறு. மருத்துவமனை வரவேற்பில் பத்துப் பேர் நிற்கும்போது "என்ன பிரச்சினை?" என்று சத்தமாகக் கேட்பார்கள். "வயித்து வலி" என்பேன். வயிற்றுக்கான மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் வயிற்றை மட்டும் பார்ப்பார். தனியாக இருந்ததால் கூட வரவும் ஆளில்லை. அம்மாவிடம் ஃபோனில் "சின்னதா ஒரு கட்டி" என்று சொன்னதோடு சரி, எங்கே என்று சொல்லவே இல்லை. பிறகு ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தந்த வழியைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: "வலது தொடையிடுக்கில் கட்டி, இத்தனை மாதமாக, மாதவிடாயின்போது பெரிதாகி வலிக்கிறது." வரவேற்பில் அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனையின்போது ஒரு பெண் உதவியாளர் கூட இருக்கட்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆண் மருத்துவராக இருந்தாலும் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நெறி இல்லை என்று ஒருவழியாக முடிவானதும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். மாதவிடாய் முடிந்து கட்டி சுருங்கிக் கிடந்த வாரத்தில், படுக்கவைத்து, நாலு நிமிடத்தில் எடுத்து முடித்தார்கள். "சிறிய ஹெர்னியாவாக இருக்கலாம், உள்ளே கொழுப்பு" என்று ரிப்போர்ட் வந்தது. அந்த 'இருக்கலாம்' அடுத்த மேஜைக்குப் போவதற்குள் காணாமல் போய்விட்டது. சர்ஜன் இருமச் சொன்னார், கை வைத்துப் பார்த்தார், "பெண்களுக்கு ஹெர்னியான்னா தள்ளிப் போடக்கூடாதும்மா, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு ஃபெமரல் ஹெர்னியா என்ற வகை ஆண்களைவிட அதிகம் வரும், அதில் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். 2018-ல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதலும் பெண்களுக்குக் காலம் கடத்தாமல் சரிசெய்யச் சொல்கிறது. ஆனால் சாதாரண ஹெர்னியா நின்றாலோ இருமினாலோ புடைக்கும், படுத்தாலோ மெல்ல அழுத்தினாலோ பெரும்பாலும் உள்ளே போய்விடும். என்னுடையது நின்றாலும் படுத்தாலும் அப்படியே இருந்தது. மாறியதெல்லாம் மாதத் தேதியைப் பொறுத்துத்தான். அதை யாரும் கேட்கவில்லை. தொடையிடுக்கு ஆபரேஷனுக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பான்மை ஆண்கள். மாதவிடாய்க் கேள்வி அந்த அறையில் எழுவதே இல்லை போலிருக்கிறது.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கட்டி பெரிதாக, வலி உச்சத்தில் இருக்கும் நாளுக்கு நேரம் வாங்குங்கள். படுத்தபடி ஒரு முறை, நின்றபடி ஒரு முறை, மூச்சை அடக்கி முக்கும்போது ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்பவரிடம் "இது மாசாமாசம் பெருசாகுது" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் 'ஹெர்னியா?' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் ஹெர்னியாவைத்தான் தேடுவார்.

உடம்புக்குள் இது எப்படி இருக்கிறது என்பதை எனக்குப் பின்னால்தான் ஒருவர் படம் போட்டு விளக்கினார். கர்ப்பப்பையின் இரண்டு மேல்மூலைகளிலிருந்தும், கருக்குழாய்கள் கிளம்பும் இடத்துக்குச் சற்று முன்பக்கமாக, ஒவ்வொரு நார் புறப்படுகிறது. இடுப்புக்குள் வளைந்து வந்து, தொடையிடுக்கில் அடிவயிற்றுச் சுவருக்குள் இருக்கும் இன்குவைனல் கால்வாய் வழியாக வெளியே வந்து, பிறப்புறுப்பின் வெளி உதட்டில் விரிந்து முடிகிறது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். ஆண்களுக்கு அதே கால்வாயில்தான் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் இருக்கின்றன. குழந்தை கருவில் இருக்கும்போது இந்த நாரோடு வயிற்று உறையிலிருந்து ஒரு சின்னப் பையும் நீண்டு வரும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். 1691-ல் அன்டன் நுக் என்ற டச்சு மருத்துவர் அதை விவரித்ததால் நுக் கால்வாய் என்று பெயர். மூடாமல் விட்டால் அதில் நீர் கோத்துக் கட்டியாகத் தெரியலாம், ஹெர்னியாவும் இறங்கலாம். நாரிலேயே அபூர்வமாக ஃபைப்ராய்ட் என்ற சாதாரண தசைக்கட்டி வரலாம், கர்ப்ப காலத்தில் அதன் ரத்தநாளங்கள் புடைக்கலாம், என்னைப்போல எண்டோமெட்ரியோசிஸ் ஒட்டிக்கொள்ளலாம். அதாவது, கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்ப வீங்கி, உள்ளேயே கசியும். இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில்தான் அதிகம் வருகிறதாம். இடது பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு மறைத்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இது ஒன்றும் புது நோய் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த தாமஸ் கல்லன் ரவுண்ட் லிகமென்ட்டில் இருந்த இப்படிப்பட்ட கட்டியைப் பற்றி எழுதியது 1896-ல்! அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

முதல் ஆபரேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன், "சின்ன ஹெர்னியாதான், கொழுப்புதான் இருந்துச்சு, ஓட்டைய செயற்கை வலை வச்சு அடைச்சாச்சு. லிகமென்ட் மேல கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு, அதையும் முடிஞ்சவரை எடுத்துட்டோம்" என்றார். நன்றி சொன்னேன். எடுத்த தடிப்பு எங்கே போனது என்று கேட்க அப்போது தோன்றவில்லை, தோன்றும் நிலையிலும் நான் இல்லை. பல மாதம் கழித்து ஃபைலைப் புரட்டியபோதுதான் அது பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்கே போகவில்லை என்று தெரிந்தது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "உள்ளே எதிர்பாராத எது இருந்தாலும், எதை எடுத்தாலும், பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" ஒப்புதல் படிவத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்படாமல் ஆபரேஷன் நோட்ஸின் நகலையும் கேட்டு வாங்குங்கள். சம்மரியில் 'ஹெர்னியா சரிசெய்யப்பட்டது' என்ற ஒரு வரிதான் இருக்கும். நோட்ஸில்தான் லிகமென்ட்டை வெட்டினார்களா, விட்டார்களா, எந்த நரம்பைப் பார்த்தார்கள் என்றெல்லாம் இருக்கும். என்னுடைய நோட்ஸில் 'கரும்பழுப்பு நிறத் தடிப்பு' என்று தெளிவாக எழுதியே இருந்தது.

தையல் ஆறியது, வலி ஆறவில்லை. அடுத்த சில மாதவிடாய்களில் பழைய இடத்தில், தழும்புக்குச் சற்றுக் கீழே, மறுபடி தெறித்தது. இம்முறை சொல்வதற்குக் காரணம் தயாராக இருந்தது: வலை வலி, நரம்பு வலி. ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிப்பது உண்மைதான். அதனாலேயே என் வலியும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டது. நரம்பு வலிக்கான மாத்திரை கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் தலை கனக்கும், வேலையில் ஒரு வரியை மூன்று தடவை படிப்பேன். ஒரு மருத்துவர் "ரொம்ப யோசிக்காதீங்க, மனசை ரிலாக்ஸா வைங்க" என்றார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வலியைவிட, நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டதுதான் கொடுமை. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து சம்பளப் பிடித்தம் ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

திருப்பம் வந்தது வேறு விஷயத்துக்காகப் போன இடத்தில். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதென்று ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போயிருந்தேன். பரிசோதிக்கும்போது தழும்பைப் பார்த்தவர், "இது எதுக்குப் பண்ணது? இன்னும் வலிக்குதா? பீரியட்ஸ் சமயத்துல பெருசாகுதா?" என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாள் அலைந்திருக்கிறேன். சில மாதங்களுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்: தேதி, பத்துக்கு எத்தனை வலி, கட்டியின் அளவு. அளவை எப்படி எடுப்பது என்று நான் விழித்தபோது, கட்டியின் ஓரத்தை மார்க்கர் பேனாவால் தோலில் வட்டமிட்டுவிட்டு ஃபோட்டோ எடுக்கச் சொன்னார். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போட்ட வட்டத்தை அழியாமல் மேலேயே வரைந்து வரைந்து காப்பாற்றினேன். அடுத்த மாதவிடாய் தொடங்கிய அன்று வீக்கம் வட்டத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் வழிந்திருந்தது. அந்த இரண்டு ஃபோட்டோக்களும் என் ஒட்டுமொத்த ஃபைலைவிட அதிகம் பேசின. ஆனால் ஒன்று, எல்லோருக்கும் இப்படி மாதக் கணக்கு பிசகாமல் வராது. சிலருக்கு எப்போதுமே மந்தமாக வலித்துக்கொண்டிருக்கும். மாதத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து எம்.ஆர்.ஐ. இடுப்பு எம்.ஆர்.ஐ. என்று மட்டும் எழுதினால் படம் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் மையமாக வைத்து முடிந்துவிடலாம். தொடையிடுக்கையும் முழுதாகச் சேர்க்கச் சொல்லி மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் மையத்துக்கு ஃபோனும் செய்தார். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் ஒரு வகைப் படத்தில் பழைய ரத்தக்கசிவு பளிச்சென்று தெரியுமாம். தெரிந்தது. ஊசி குத்திச் சோதிக்கலாமா என்று கேட்டேன். படமும் குறிப்பும் போதும், எப்படியும் எடுக்கப்போகிறோம் என்றார்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு மகப்பேறு மருத்துவரும் பொது சர்ஜனும் சேர்ந்தே நின்றார்கள். நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது அது. நாரின் ஒரு முனை இடுப்புக்குள், மறுமுனை தொடையிடுக்கில். ஒருவர் மட்டும் இருந்தால் ஒரு முனையைத்தான் பார்ப்பார். முதலில் சின்னத் துளை வழியாகக் கேமரா விடும் லேப்ராஸ்கோப்பி மூலம் இடுப்புக்குள் பார்த்தார்கள். அங்கேயும் சில சின்னத் திட்டுகள் இருந்தன, எடுத்துவிட்டார்கள். பிறகு பழைய தழும்பிலேயே திறந்து, கட்டியை அதைச் சுற்றியிருந்த நல்ல திசுவோடும், கால்வாய்க்குள் இருந்த லிகமென்ட் துண்டோடும் சேர்த்து எடுத்தார்கள். பழைய வலை இறுகி ஒட்டிக்கொண்டிருந்ததால் சொன்ன நேரத்தைவிட அதிகமானது. முதல் தடவையே சரியாக நடந்திருந்தால் இந்த வலைச் சிக்கலே இருந்திருக்காது.

லிகமென்ட்டை எடுத்தால் கர்ப்பப்பை இறங்கிவிடுமா என்பதுதான் ஆபரேஷனுக்கு முன்பு எனக்கிருந்த பெரிய பயம். கர்ப்பப்பையைத் தாங்குவது அடியில் இருக்கும் இடுப்புத்தளத் தசைகளும் கழுத்துப் பகுதியில் பிடித்திருக்கும் வேறு லிகமென்ட்டுகளும்தான், இது முன்பக்கம் சாய்வாக வைத்திருக்க உதவுகிறது, அவ்வளவே என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும், கூச்சப்படாமல் கேளுங்கள். கூடவே நரம்பைப் பற்றியும் கேளுங்கள். அதே வழியில் போகும் நரம்புகள் இழுபட்டாலோ வெட்டுப்பட்டாலோ மறைவிட மேட்டிலும் வெளி உதட்டிலும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போகும். எனக்கு உள்ளங்கையில் பாதி அளவுக்கு இன்னும் மரத்தேதான் இருக்கிறது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை உள்சவ்வின் சுரப்பிகளும் அதைச் சுற்றியிருக்கும் திசுவும் இருப்பதாகவும், பழைய ரத்தக்கசிவின் இரும்புச் சத்து படிந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். புற்றுநோய் இல்லை. நோய் இருக்கிறது என்று எழுதிய தாளைப் பார்த்து நிம்மதியில் அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன். கற்பனை இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. வெளி உதடு ஒரு பக்கம் வீங்கி ஊதா நிறமாகக் கன்றிப்போகலாம். ரத்தம் கீழே இறங்கித் தேங்குவதால் அப்படி ஆகிறது, மெல்ல மறையும். முதல் ஆபரேஷனில் இதைப் பார்த்து நடுராத்திரியில் நடுங்கிப் போயிருந்தேன். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுங்கள். எலாஸ்டிக் தழும்பில் படாத, இடுப்புக்கு மேல் ஏறும் உள்ளாடையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் உயிர் போகும். காய்ச்சல், தையலில் சீழ், வேகமாகப் பெரிதாகும் வீக்கம், சிறுநீர் போகாமல் அடைப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கட்டியை எடுத்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் திரும்ப வரலாம் என்பதால் எனக்கு டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆரம்ப மாதங்களில் சொட்டுச்சொட்டாக ரத்தக்கசிவு, எரிச்சல், காரணமில்லாத சோகம் எல்லாம் இருந்தது. இப்போது பரவாயில்லை. எண்டோமெட்ரியோசிஸுக்குத் தனியாகத் தரும் இந்த மாத்திரை கருத்தடைக்கானது இல்லை. மாதவிடாய் நின்றிருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக்கூடாது, தனியாகப் பாதுகாப்பு வேண்டும். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

என் கதை பரவியதும் பெரியம்மா பெண் பயந்துபோய்க் கூப்பிட்டாள். ஆறாம் மாதக் கர்ப்பம், தொடையிடுக்கில் நின்றால் புடைப்பு, படுத்தால் காணோம். அவளுக்கும் ஹெர்னியா என்றுதான் சொல்லியிருந்தார்கள். டாப்ளர் எடுத்தால் குடல் எதுவும் இல்லை, லிகமென்ட்டின் ரத்தநாளங்கள்தான் புழுக்கள் மாதிரி புடைத்திருந்தன. எதுவும் செய்யவில்லை. குழந்தை பிறந்த பிறகு தானாக அடங்கிவிட்டது. கர்ப்பத்தில் தொடையிடுக்கு வீக்கம் என்றால் டாப்ளர் பார்க்காமல் கத்திக்குச் சம்மதிக்காதீர்கள். கர்ப்பத்தின் நடு மாதங்களில் திரும்பிப் படுக்கும்போதோ தும்மும்போதோ சுருக்கென்று இழுத்துச் சில நொடிகளில் போகிற வலியும் இந்த நார் இழுபடுவதால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. விட்டுவிட்டு ஒரே சீராக வருகிற வலி, ரத்தக்கசிவு, காய்ச்சல் இருந்தால் அது வேறு கதை, உடனே போக வேண்டும்.

கைக்குழந்தையாக இருக்கும் பெண்பிள்ளைக்குத் தொடையிடுக்கில் புடைப்பு தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், அந்தப் புடைப்புக்குள் சினைப்பையே இறங்கியிருக்கலாம், முறுக்கிக்கொள்ளவும் கூடும். எந்த வயதிலும் வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, சிவந்து, வாந்தியும் சேர்ந்தால் நான் எழுதிய குறிப்பு, ஃபோட்டோ எதற்கும் அங்கே வேலையில்லை, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாகக் காகித விஷயம். காப்பீட்டில் முதல் ஆபரேஷன் ஹெர்னியா கணக்கிலும் இரண்டாவது மகளிர் நோய்க் கணக்கிலும் போனதால், 'முன்பே இருந்த நோயா' என்று கேட்டு இழுத்தடித்தார்கள். முதல் ஆபரேஷன் நோட்ஸ், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் தேதி வரிசையில் வைத்து, இரண்டும் ஒரே கட்டிக்காக நடந்தவை என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணத்தில் ஒரு பகுதி வந்தது. பயாப்ஸி எண்ணைக் குறித்து வையுங்கள். மெழுகில் பதித்த அந்தத் திசுத்துண்டை ஆய்வகம் வருஷக்கணக்கில் பாதுகாத்து வைத்திருக்கும். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அதே துண்டிலிருந்து புதிதாக ஸ்லைடு போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.